மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்பவர்கள்

சென்னைப் புறநகர் ரயிலில் போகிறவர்கள் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற நிலையத்தின் பெயரைத் தினமும் கேட்கிறார்கள். காசநோய் வந்தால் நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் முழு ஓய்வும் தரும் இடத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்று உலகமே நம்பிய காலத்தின் மிச்சம் அந்தப் பெயர். அந்த நம்பிக்கையை முடித்துவைத்ததில் பெரும்பங்கு சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வுக்கு உண்டு. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு ஆகியவை சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு காசநோய் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியத்தில் சிகிச்சை, மற்றதற்கு வீட்டில். மாத்திரை இருவருக்கும் ஒன்றே. வீட்டிலிருந்தவர்கள் நெரிசலில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், வேலைக்கும் போனார்கள். ஆனாலும் 1959-இல் வெளியான முடிவு, குணமாவதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. அதன்பின் உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

இந்த வெற்றியை மருந்தின் வெற்றியாகவே மருத்துவ வரலாறு எழுதிவைத்திருக்கிறது. பாதிதான் சரி. உடம்பு கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது மனித இயல்பு. ஓராண்டு விடாமல் சாப்பிட வைப்பதுதான் பெரும்பாடு. சேத்துப்பட்டு ஆய்வில் அந்த வேலையைச் செய்தவர்கள், நோயாளிகளின் வீடு தேடிப்போன சுகாதாரப் பார்வையாளர்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் மாதிரி வாங்கினார்கள், குடும்பத்தாரிடம் பேசினார்கள். அவர்கள் யாரும் மருத்துவர் இல்லை. அவர்கள் இல்லாவிட்டால் அந்த ஆய்வும் இல்லை.

அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு நோய் மாறிவிட்டது, பிரச்சினை மாறவில்லை. 2020-இல் தமிழ்நாட்டில் தொற்றா நோய்கள் குறித்து எடுக்கப்பட்ட ‘ஸ்டெப்ஸ்’ கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். ஆறு பேரில் ஒருவருக்குச் சர்க்கரை. இவை சாதாரண எண்ணிக்கையல்ல என்றாலும், அதைவிட அதிர வைத்த எண்கள் வேறு. பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதம் பேருக்கு மட்டும். சர்க்கரையில் 10.8 சதவீதம். ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், அங்கே இலவச மாத்திரை, மாவட்டத்துக்கு மாவட்டம் மருத்துவக் கல்லூரி என்று பெருமைப்படும் மாநிலத்தின் நிலை இது. மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், நோயாளியும் இருக்கிறார். மூவரையும் இணைக்கும் ஆள்தான் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட மகளிர் சுகாதார தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வண்டியில் வருகிறார்கள். வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகள் வந்து சேருகின்றன. 2024-இல் இந்தத் திட்டத்துக்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

விருது இருக்கட்டும். திட்டம் எத்தனை கோடிப் பேரைத் ‘தொட்டது’ என்று அறிக்கைகள் சொல்வதைவிட, தொட்டவர்களின் பிரஷர் இறங்கியதா என்பதே கேள்வி. இரண்டாவது ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், கட்டுக்குள் இருப்பவர்களின் விகிதம் இரண்டு நோய்களிலும் ஏறத்தாழ 17 சதவீதமாக உயர்ந்தது. இதை முன்னேற்றம் இல்லை என்பவர் நேர்மையற்றவர். போதும் என்பவரும் அப்படியே. ஆறு பேரில் ஐந்து பேருக்கு இன்னும் கட்டுப்படவில்லை. காரணம் ஊழியர்களின் சோம்பலில் இல்லை, திட்டத்தின் வடிவத்தில் இருக்கிறது. வேலையைத் துணை மருத்துவப் பணியாளர்களின் தலையில் வைத்த நாம், அதைச் செய்து முடிப்பதற்கான அதிகாரத்தையும் பயிற்சியையும் ஊதியத்தையும் மட்டும் அவர்கள் கையில் கொடுக்கத் தயங்குகிறோம்.

‘மருத்துவர்கள் போதாது, அதனால்தான் இவர்களை வைத்து ஓட்டுகிறோம்’ என்பது இவர்களைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். இவர்களுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்களே இதைச் சொல்கிறார்கள். அதில்தான் கெடுதல் ஆரம்பிக்கிறது. ஆள் பற்றாக்குறைக்கான தற்காலிக ஏற்பாடு என்று ஒருவரைக் கருதிவிட்டால், அவருக்கு நிரந்தரப் பணியோ நீண்ட பயிற்சியோ எதற்கு என்ற கேள்வி தானாக வந்துவிடும். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இந்த நியாயம் உண்மையும் இல்லை. நாட்டிலேயே அதிக அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ள மாநிலங்களில் ஒன்று இது. இன்னும் பத்தாயிரம் மருத்துவர்களை நியமித்தாலும் அவர்கள் சுகாதார நிலையத்தின் மேசைக்குப் பின்னால்தான் உட்காருவார்கள், உட்காரவும் வேண்டும். 2017-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியோடு செலவிடும் நேரத்தை நாடுவாரியாகத் தொகுத்தது. சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல், இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் மாத்திரை எழுதலாம். ஊறுகாயும் கருவாடும் இல்லாமல் அந்த வீட்டில் சோறு இறங்காது என்பதையோ, மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மிச்சம் பிடிக்கிறார்கள் என்பதையோ, மாமியாரின் இன்சுலினைப் போட வீட்டில் ஆள் இல்லை என்பதையோ தெரிந்துகொள்ள முடியாது. அது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் மட்டும் தெரியும் விஷயம். அந்த அறிவு மருத்துவருக்கு அடுத்த தரத்து அறிவல்ல, வேறொரு தொழில்.

அந்தத் தொழிலை ஒழுங்காக அமைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறப் பகுதிகளில், உயர் ரத்த அழுத்தம் உள்ள 2,645 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. வெளியிலிருந்து யாரையும் கூட்டிவரவில்லை. அரசின் களப்பணியாளர்களையே பயன்படுத்தினார்கள். இலங்கையில் அந்த வேலையைச் செய்தவர்கள் பொதுச் சுகாதார மருத்துவிச்சிகள். 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்துவந்த அமைப்பு அது. தாய் சேய் நலத்தில் இலங்கை தெற்காசியாவுக்கே முன்மாதிரி ஆனதற்கு முதுகெலும்பு. மூன்று நாட்டுக் களப்பணியாளர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் அழுத்தம் பார்த்தார்கள், உணவு பற்றிப் பேசினார்கள், அளவு கூடியவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த மருத்துவருக்கும் எந்தப் படியில் எந்த மருந்து என்ற எழுதப்பட்ட வழிமுறையில் பயிற்சி தரப்பட்டிருந்தது. இரண்டாண்டு முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட, இப்படி வீடு தேடிப்போய்ப் பார்க்கப்பட்டவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக 5 புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது. ஐந்து புள்ளி என்பது தனி மனிதருக்கு அற்பமாகத் தோன்றும். ஒரு மாவட்டம் முழுவதும் ஐந்து புள்ளி இறங்கினால், பக்கவாதத்தோடும் மாரடைப்போடும் வருகிறவர்களின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும்.

நம் ஊரில் நடப்பதோடு இதை ஒப்பிட்டால் விடுபட்ட கண்ணி தெரிகிறது. தன்னார்வலர் போகிறார், அளக்கிறார், 160 என்று வருகிறது, செயலியில் பதிகிறார், அதே பழைய மாத்திரையைக் கொடுத்துவிட்டு வருகிறார். ‘ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள்’ என்று சொல்வதோடு அவர் கடமை முடிகிறது. நூறு நாள் வேலையை விட்டுவிட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, இரண்டு நிமிடப் பார்வைக்காகப் போக அந்த நோயாளி தயாராக இல்லை என்பதால்தானே திட்டமே வந்தது? எழுதிவைத்த வழிமுறைப்படி, துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் பயிற்சி பெற்ற இடைநிலைச் சுகாதாரப் பணியாளரே, மருத்துவரிடம் தொலைபேசியில் ஒப்புதல் பெற்று, அளவை ஒருபடி கூட்டலாம் என்ற ஏற்பாடு முழுமையாக வந்தால், வீடு தேடிப் போவதற்கு அர்த்தம் வரும். வராதவரை அது மாத்திரை விநியோகம்தான்.

இந்தச் சங்கிலியின் மறுமுனையில் இன்னொருவர் நிற்கிறார். 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த 108 ஆம்புலன்ஸ் சேவையில் பணிபுரியும் மருத்துவ உதவியாளர். நர்சிங் அல்லது உயிர் அறிவியல் படித்து, ஏறத்தாழ 50 நாள் பயிற்சியோடு, 12 மணி நேர ஷிஃப்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் ஓடிக்கொண்டிருப்பவர். வண்டிக்குள்ளேயே பிரசவம் பார்ப்பவர், பாம்புக்கடிக்கு ஆளானவரின் மூச்சைப் பிடித்து வைத்திருப்பவர் இவரே. ஆனால் ஆம்புலன்ஸில் ஏறுகிறவர்கள் எல்லோரும் விபத்தில் சிக்கியவர்கள் இல்லை. ஆறு மாதமாக மாத்திரை நிறுத்தியவரின் பக்கவாதம், சர்க்கரை தாழ்ந்து மயங்கிய முதியவர், மூச்சுத்திணறலுக்காக மாதம் இருமுறை அழைக்கும் அதே வீடு என்று பல அழைப்புகள் வீட்டுச் சிகிச்சை தவறிப்போனதன் விளைவு. எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்பது அந்த உதவியாளருக்கு நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரிந்தது அந்த ஊர்த் தன்னார்வலருக்கோ கிராம சுகாதாரச் செவிலியருக்கோ தெரிவதில்லை. இருவரும் ஒரே அரசின் இலவசச் சேவையில், ஒரே நோயாளிக்காக, ஒருவரையொருவர் சந்திக்காமல் வேலை செய்கிறார்கள்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தார்கள். மானிய வாடகையில் முதியவர்கள் வசிக்கும் அடுக்குமாடிகளுக்கு ஆம்புலன்ஸ் பணியாளர்கள் வாரம் ஒருமுறை, யாரும் அழைக்காமலே போனார்கள். பொதுக்கூடத்தில் உட்கார்ந்து அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை நோய்க்கான வாய்ப்பையும் கீழே விழும் அபாயத்தையும் கணித்தார்கள், விவரத்தைக் குடும்ப மருத்துவருக்கு அனுப்பினார்கள். மருந்து எதையும் மாற்றவில்லை. 2018-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வின்படி, அந்தக் கட்டடங்களில் மாதத்துக்கு நூறு வீட்டுக்கு 3.11 அவசர அழைப்புகள். இந்த ஏற்பாடு இல்லாத கட்டடங்களில் 3.99. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. ‘ஏழைகளுக்கு மட்டும் மருத்துவர் அல்லாதவரா? இது இரண்டாந்தர மருத்துவம் இல்லையா?’ என்று கேட்பவர்களுக்கு இந்த ஆய்வைச் சொல்லலாம். எல்லோருக்கும் அரசுக் காப்பீடு உள்ள ஒரு பணக்கார நாடு இதைத் தேர்ந்தெடுத்தது வேறு வழியில்லாமல் அல்ல. பக்கத்துக் கேரளத்திலும், 2008-இல் நோய் ஆதரவு சிகிச்சைக்கென அரசே கொள்கை வகுத்தபோது, உள்ளாட்சிகளின் செவிலியர்தான் வீட்டுப் பராமரிப்பின் மையமாக வைக்கப்பட்டார். படுக்கைப்புண்ணைத் துடைத்துக் கட்டுப்போடவும், சிறுநீர்க் குழாயை மாற்றவும், கவனித்துக்கொள்ளும் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அந்தச் செவிலியர்தான் முதல்தர ஆள். இதில் மருத்துவரைவிட இவர் தேர்ந்தவர்.

‘இரண்டாந்தர மருத்துவம்’ என்ற வாதத்தைவிட மருத்துவர் சங்கங்களின் எதிர்ப்பு கனமானது. அரைகுறைப் பயிற்சி உள்ளவர்களிடம் மருந்தைக் கொடுத்தால் போலி மருத்துவத்துக்கு அரசே முத்திரை குத்துவதாகும் என்கிறார்கள். 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, ‘சமுதாய சுகாதார வழங்குநர்’ என்ற பெயரில் வரையறுக்கப்பட்ட உரிமம் தர வழிசெய்தபோது நாடெங்கும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அசாமின் மூன்றாண்டு கிராமப்புற மருத்துவப் படிப்புக்கான சட்டம், மத்தியச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் அது செல்லாது என்றது. இந்த எதிர்ப்பைச் சுயநலம் என்று தள்ளிவிடுவது எளிது, சரியல்ல. மெடிக்கல் கடைக் கவுண்டரிலேயே ஆன்டிபயாடிக் கிடைக்கும் நாட்டில் அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு.

ஆனால் அச்சத்தைத் தீர்க்கச் சான்றுகளைத்தான் பார்க்க வேண்டும். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங்கும் ராணி பங்கும் ஓரளவே படித்த கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்க வைத்தார்கள். ரத்தத்தில் கிருமி பரவியதற்கான அறிகுறிகள் தெரிந்து, பெற்றோர் மருத்துவமனைக்குப் போக மறுத்தால், அந்தப் பெண்களே ஜென்டாமைசின் ஊசி போட்டார்கள். மருத்துவ உலகம் பதறியது. 1999-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான கணக்கு வேறு கதை சொன்னது: அந்த 39 கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 62-இலிருந்து 25 ஆகக் குறைந்திருந்தது, கிருமித் தொற்று கண்ட குழந்தைகளில் இறந்தோர் 16.6 சதவீதத்திலிருந்து 2.8 ஆனார்கள். சத்தீஸ்கரில் 2001-இல் தொடங்கிய மூன்றாண்டுப் படிப்பை எதிர்ப்பு காரணமாகச் சில ஆண்டுகளிலேயே நிறுத்திவிட்டார்கள். அதைப் படித்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்ந்தவர்களின் திறனைப் பின்னால் ஆராய்ந்தபோது, சாதாரண நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தருவதில் அவர்கள் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு இணையாக இருந்தார்கள். அதே ஆய்வில், அந்தப் பயிற்சி பெறாமல் மருத்துவரில்லாத நிலையங்களைச் சமாளித்துக்கொண்டிருந்த மற்ற ஊழியர்கள் மிகவும் பின்தங்கியிருந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. பட்டத்தைவிட முறையான பயிற்சியே முடிவு செய்கிறது. பயிற்சி தராமல் பொறுப்பை மட்டும் தள்ளிவிடுவதுதான் ஆபத்து. இன்றைக்கு நாம் செய்துகொண்டிருப்பது கிட்டத்தட்ட அதுதான். மருந்துப் பட்டியல் குறுகியதாக, வழிமுறை எழுத்தில், மேற்பார்வை மருத்துவரிடம் என்ற மூன்றும் இருந்தால், சங்கங்கள் கேட்கும் பாதுகாப்பு கிடைத்துவிடும்.

களத்திலிருந்தே வரும் இன்னொரு ஆட்சேபத்துக்கு இவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. கிராம சுகாதாரச் செவிலியரின் கையில் ஏற்கெனவே கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, குடும்ப நலம், மகப்பேறு உதவித்தொகைக்கான ஆவணங்கள், தினமும் ஏற்ற வேண்டிய ஆன்லைன் பதிவுகள் என்று குவிந்து கிடக்கின்றன. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒருவர் என்பது விதி. புதுத் திட்டம் வரும்போதெல்லாம் அவர் தலையில் இன்னொரு பதிவேடு ஏறுகிறது. வேலையைக் கூட்டாதீர்கள் என்று அவர்கள் சொன்னால் அது நியாயம். ஊழியரின் நாளில் பாதியைத் தின்னும் இரட்டைப் பதிவுகளை நிறுத்துவதும், தொற்றா நோய்களுக்குத் தனி ஆளை நியமிப்பதும்தான் வழி. புதுச் செயலி தேவையில்லை.

தனி ஆள் என்றதும் நிதித்துறை முகம் சுளிக்கும். இங்கேதான் தமிழ்நாடு தன் சொந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும். 2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் உயிருடன் பிறப்புகளுக்குத் தாய் இறப்பு நாட்டில் 97, தமிழ்நாட்டில் 54. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இதற்குச் சாலை, கல்வி, அவசர மகப்பேறு மையங்கள் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றோடு, மூன்று செவிலியரை ஷிஃப்ட் முறையில் அமர்த்தி ஆரம்ப சுகாதார நிலையங்களை 24 மணி நேரமும் திறந்துவைத்ததும், ஊருக்குள் இருந்த கிராம சுகாதாரச் செவிலியரும் பெரிய காரணங்கள். அந்தச் செவிலியர் காலமுறை ஊதியம் பெறும் அரசு ஊழியர். பகுதி சுகாதாரச் செவிலியர், சமுதாய சுகாதாரச் செவிலியர் என்று அவருக்குப் பதவி உயர்வும் இருந்தது. ஒரே ஊரில் பல ஆண்டு இருந்ததால், பெண்கள் அவரை நம்பினார்கள். பொதுச் சுகாதாரத்தில் நாம் மெய்யாகவே வென்ற இடத்தில், முன்வரிசை ஊழியரைத் ‘தன்னார்வலர்’ என்று அழைக்கவில்லை.

மாதச் சம்பளத்துக்குப் பதில் ஊக்கத்தொகை என்ற ஏற்பாடு எங்கே போய் நிற்கும் என்பதை ‘ஆஷா’ எனப்படும் சமுதாய சுகாதாரப் பணியாளர்களின் கதை காட்டுகிறது. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்களுக்கு விருது அறிவித்தது. 2025 பிப்ரவரியிலிருந்து கேரள ஆஷாக்கள், 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்கக் கோரித் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்து மாதக்கணக்கில் போராடினார்கள். 108 ஊழியர்கள் நிறுவனத்தின் கீழ், மற்றவர்கள் ஒப்பந்தத்தில், தன்னார்வலர்கள் மதிப்பூதியத்தில் என்று ஒரே நோயாளியின் வாசலுக்கு மூன்று வகை ஆட்களை அனுப்பிவிட்டு, சிகிச்சையில் தொடர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. துணை மருத்துவப் பணிகளுக்கென 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய தேசிய ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பர், இயன்முறை மருத்துவர் உட்பட 56 தொழில்களை அங்கீகரித்து, பாடத்திட்டத்துக்கும் பதிவுக்கும் வழிவகுத்திருக்கிறது. மாநில அரசு அதைப் பதிவேட்டோடு நிறுத்திவிடாமல் பணியிடங்களாகவும் ஊதிய விகிதமாகவும் மாற்ற வேண்டும். பக்கவாதத்துக்கு அரசு காப்பீட்டில் தரும் பணத்தோடு ஒப்பிட்டால் இது கட்டுப்படியாகாத செலவா என்பதைச் சட்டமன்றத்தில் கணக்குப் போட்டு விவாதிக்கட்டும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. அடுத்தமுறை தன்னார்வலர் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தால், மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். என்ன எண் வந்தது என்று கேட்டு ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள். தொடர்ந்து இரண்டு முறை 140-க்கு 90-ஐத் தாண்டினால், மருந்தை ஏன் மாற்றவில்லை என்று அந்த நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கிராமசபைக் கூட்டத்திலும் கேளுங்கள்.